அஃபிலியேட்டும் ஆன்லைன் விளம்பரமும்: கோலாலம்பூர் கடைக்காரர்கள் கணக்குப் பார்த்து இறங்கும் முறை

பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண மேக்கப் செய்பவர் மணப்பெண்ணைப் புடவைக் கடைக்கு அனுப்பி வைப்பார். கடைக்காரர் அவருக்கு ஒரு தொகை கொடுப்பார். இது நம்மிடையே வெகுகாலமாக இருக்கும் பழக்கம். அஃபிலியேட் என்பதும் இதே ஏற்பாடுதான். அனுப்பியவர் யார் என்பதை வாய்வார்த்தைக்குப் பதிலாக ஒரு லிங்க்கோ தள்ளுபடிக் குறியீடோ சொல்கிறது, அவ்வளவுதான். பணம் விற்ற பிறகே கைமாறுகிறது. ஃபேஸ்புக், கூகள் விளம்பரத்தில் விற்றாலும் விற்காவிட்டாலும் காசு முதலிலேயே போய்விடும். இரண்டும் சேர்ந்த மூன்றாவது வகையும் உண்டு: ஒருவர் எடுத்த வீடியோவை அவர் பெயரிலேயே நம் காசில் ஓட்டுவது. இதைத்தான் மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) பார்ட்னர்ஷிப் ஆட் என்றும் டிக்டாக்கில் ஸ்பார்க் ஆட் என்றும் சொல்கிறார்கள்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். கணக்கில் தொடங்குங்கள்.

ஒரு புடவையின் கணக்கு

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரே ஒரு பொருளை எடுத்து, ஒரு விற்பனையில் கையில் என்ன நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். மஸ்ஜிட் இந்தியாவில் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் ஒரு புடவை என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலை 82. தபால் 8. ஆன்லைன் கட்டணச் சேவைக்கு 2% என்றால் 3. பெட்டி, பை, ஸ்டிக்கர் 3. திரும்பி வருவது, கறைபடுவது ஆகியவற்றுக்குச் சராசரியாகப் புடவைக்கு 6. மிச்சம் 48. இதில் வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் 20 ஒதுக்கினால் 28 வெள்ளி நிற்கும். 10% கமிஷன் கொடுத்தால் 15 போய் 13 கையில் தங்கும். தாங்கக்கூடிய கணக்குதான்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். வாங்குபவருக்கு 10% தள்ளுபடி, அனுப்பியவருக்கு 10% கமிஷன் என்று இரண்டையும் சேர்த்து அறிவிக்கிறார்கள். விலை 135 ஆகிறது. கட்டணச் சேவை 2.70. மற்ற செலவுகளையும் அந்த 20 வெள்ளியையும் கழித்தால் 13.30 மிஞ்சும். கமிஷனோ 13.50. ஒவ்வொரு புடவைக்கும் 20 காசு நஷ்டம். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஆர்டர் குவிகிறது, இரவு இரண்டு மணி வரை பெட்டி கட்டுகிறார்கள், கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. காரணம் அந்த இரண்டு 10%.

5% தள்ளுபடியும் 8% கமிஷனும் வைத்தால் அதே புடவையில் 9.25 வெள்ளி நிற்கும். தள்ளுபடியே கொடுக்காமல், குறியீட்டைப் போடுபவருக்கு ஃபால், பீக்கோ இலவசம் என்று வைப்பது இன்னும் நல்லது. உங்கள் தையல்காரர் அதை 6 வெள்ளிக்கு முடித்துத் தந்தால், 15 வெள்ளித் தள்ளுபடியைவிட உங்களுக்குச் செலவு குறைவு. வாங்குபவருக்கோ ஓர் அலைச்சல் மிச்சம்.

கமிஷன் எந்தத் தொகையின் மேல் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். தள்ளுபடி போன பிறகு, தபால் செலவு சேராமல் உள்ள தொகையின் மேல் என்பதே சரியான அடிப்படை. சபா, சரவாக் ஆர்டர்களில் தபால் செலவு எகிறும். அதற்கும் சேர்த்துக் கமிஷன் கொடுத்தால் உங்கள் பணம்தான் போகும்.

ஷாப்பி, லாசாடா, டிக்டாக் ஷாப்பில் விற்பவர்களுக்கு இன்னொரு செலவு கூடும். அந்தத் தளங்கள் தங்களுக்கான கமிஷனையும் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளும். அஃபிலியேட் கமிஷன் அதற்கு மேல் வருவது. இந்த விகிதங்கள் அடிக்கடி மாறுவதால், தளத்தில் விற்பவர்களுக்கென்று உள்ள செல்லர் சென்டர் பக்கத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துவிட்டே உங்கள் கமிஷனை நிர்ணயியுங்கள். டிக்டாக் ஷாப்பில் யாரும் வந்து சேரலாம் என்ற திறந்த திட்டமும், நீங்கள் தேர்ந்தெடுத்து அழைக்கும் திட்டமும் உண்டு. சின்னக் கடைக்கு இரண்டாவதுதான் ஏற்றது. திறந்துவிட்டால் இலவசச் சாம்பிள் கேட்டு வரும் கோரிக்கைகளே வேலையாகிவிடும்.

யாரைச் சேர்ப்பது

ஃபாலோயர் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். தமிழில் வீடியோ போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பார்ப்பவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருக்கலாம். இரண்டு லட்சம் பேர் பார்த்தாலும் கிள்ளானுக்கும் ஈப்போவுக்கும் பொருள் போகாது. ஆகவே அவருடைய பக்கத்தின் இன்சைட்ஸில் பார்வையாளர்கள் எந்த நாடு, எந்த நகரம் என்று காட்டும் பகுதியை ஸ்கிரீன்ஷாட்டாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, தொழிலாகச் செய்பவர்கள் தயங்காமல் தருவார்கள்.

அடுத்து, கமெண்டுகளைப் படியுங்கள். ‘சூப்பர் சிஸ்டர்’ என்ற வரியும் தீப்பொறிப் படமும் மட்டும் நிறைந்திருந்தால் அது ரசிகர் கூட்டம். ‘பிரைஸ் பிஎம்’, ‘ஜொகூருக்கு அனுப்புவீங்களா’, ‘ப்ளவுஸ் துணி சேர்த்தா’ என்று கேள்விகள் இருந்தால் அங்கே வாங்கும் கை இருக்கிறது. மூவாயிரம் பேர் மட்டுமே பின்தொடரும் ஒரு மேக்கப் கலைஞரோ மருதாணி போடுபவரோ பரதநாட்டிய ஆசிரியையோ, லட்சம் பேரை வைத்திருப்பவரைவிட அதிகப் புடவை விற்றுத் தரக்கூடும். அவர் சொல்லும் நேரத்தில் கேட்பவருக்கு அந்தப் பொருள் தேவைப்படுகிறது. பினாங்கு லெபோ பசார் வட்டாரத்துக் கடைகளுக்கு அந்தப் பகுதியைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளும் இப்படிப்பட்ட கூட்டாளிகளே. ஒரு கியூஆர் அட்டை போதும்.

ஐந்து பேருடன் தொடங்குங்கள். அனுப்பும் செய்தி சுருக்கமாக, தொகையோடு இருக்கட்டும்:

‘வணக்கம் சிஸ்டர். நாங்கள் மஸ்ஜிட் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கிறோம். நீங்கள் ப்ளவுஸ் டிசைன் பற்றிப் போடும் வீடியோக்களைப் பார்க்கிறோம். உங்கள் குறியீட்டில் வரும் ஒவ்வொரு விற்பனைக்கும் 8% கமிஷன், மாதந்தோறும் 15-ஆம் தேதி உங்கள் கணக்கில். முதலில் ஒரு புடவை அனுப்புகிறோம். கட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் பேசுவோம். விருப்பம் என்றால் சொல்லுங்கள்.’

‘பிடித்திருந்தால் மட்டும்’ என்ற சொல்லை மெய்யாகவே காப்பாற்றுங்கள். பிடிக்காத புடவையைப் புகழ வைத்தால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

யார் அனுப்பிய ஆர்டர்: இங்கேதான் சண்டை வரும்

லிங்க் வேலை செய்யும் விதம் எளிது. வாங்குபவர் கிளிக் செய்ததும் அவருடைய பிரவுசரில் குக்கி என்ற சிறு குறிப்பு பதிவாகும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அவர் வாங்கினால் விற்பனை அந்தக் கூட்டாளியின் பெயரில் ஏறும். இந்த நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். 1996-இல் தன் அஃபிலியேட் திட்டத்தைத் தொடங்கிய அமேசான், பொதுவாக 24 மணி நேரம்தான் தருகிறது. சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் 30 நாள் வைப்பது வழக்கம். கல்யாணப் புடவை போல வீட்டில் நாலு பேரைக் கேட்டு வாங்கும் பொருளுக்கு 30 நாள் நியாயம். முறுக்கு டின்னுக்கு 7 நாள் போதும்.

நடைமுறையில் குக்கி அடிக்கடி காணாமல் போகிறது. ஒரு பெண் மஸ்ஜிட் ஜாமிக் நிலையத்தில் எல்ஆர்டிக்குக் காத்திருக்கும்போது இன்ஸ்டாகிராமில் வீடியோ பார்க்கிறார். லிங்க்கைத் தொடுகிறார். பக்கம் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே உள்ள பிரவுசரில் திறக்கிறது. ரயில் வருகிறது, மூடிவிடுகிறார். இரவு வீட்டுக்குப் போய், அம்மாவிடம் காட்டுவதற்காகச் சஃபாரியில் கடைப் பெயரைத் தேடி வாங்குகிறார். சஃபாரிக்கு இன்ஸ்டாகிராமில் நடந்தது தெரியாது. போதாததற்கு, ஒரே பிரவுசரில் இருந்தாலும், பக்கத்தின் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளைச் சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். சில வகை விளம்பர லிங்க்கில் வந்தால் 24 மணி நேரத்திலேயே போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருந்தும் ஐபோன்காரர்களின் ஆர்டர் பல விடுபடுவதற்கு இதுவே காரணம். கூட்டாளி ‘பத்துப் பேர் வாங்கினதா என்கிட்ட சொன்னாங்க, நீங்க நாலு காட்றீங்க’ என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

எனவே லிங்க்கோடு குறியீடும் கட்டாயம் கொடுங்கள். ஃபோன் மாறினாலும் பிரவுசர் மாறினாலும் குறியீடு நினைவில் நிற்கும். அதை அமைக்கும்போது சுழியமும் ஆங்கில ‘ஓ’ எழுத்தும் வராமல் பாருங்கள். பெயரும் தள்ளுபடி எண்ணும் சேர்ந்த வடிவத்தைத் தவிருங்கள். பெயருக்குப் பின் 5 என்று இருந்தால் 10, 20 என்று போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஒருவர் ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்ற வரம்பையும் வையுங்கள். லிங்க் ஒருவருடையது, குறியீடு இன்னொருவருடையது என்று வந்தால் எது செல்லும்? குறியீடே செல்லும் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

நம் கடைகளில் பாதி வியாபாரம் வாட்ஸ்அப்பில் முடிகிறது. அங்கே குக்கிக்கு வேலையே இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு வாசகத்தைச் சேர்த்து வைக்கலாம். தொட்டவுடன் அது தட்டச்சுப் பெட்டியில் வந்து நிற்கும். ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு வாசகம்: ‘வணக்கம், நீலப் புடவை வீடியோ பார்த்து வந்தேன், குறியீடு இது’ என்பது போல. வாட்ஸ்அப் பிஸ்னஸ் ஆப்பில் அந்த உரையாடலுக்குக் கூட்டாளி பெயரில் லேபல் போட்டுவிடுங்கள். சிலர் வாசகத்தை அழித்துவிட்டு வெறும் ‘ஹாய்’ அனுப்புவார்கள். ஆகவே கடையில் பதில் சொல்பவர் ‘எந்த வீடியோ பார்த்தீங்க அக்கா?’ என்று கேட்பதை வழக்கமாக்குங்கள். இந்த ஒரு கேள்வி பல மென்பொருள்களைவிடச் சரியாகக் கணக்குத் தரும்.

விளம்பரமும் சேர்ந்து ஓடினால் குழப்பம் இரட்டிப்பாகும். கிளிக் செய்த 7 நாளுக்குள்ளோ வெறுமனே பார்த்த 1 நாளுக்குள்ளோ வாங்கினால் மெட்டா அதைத் தன் விற்பனை என்று காட்டுவது வழக்கம். கூகளின் வழக்கமான கணக்கு 30 நாள். கூட்டாளியின் குறியீடும் அதே ஆர்டரில் இருக்கும். மூன்று இடத்தில் மூன்று விற்பனை, கடையில் போனது ஒரு பெட்டி. எனவே எல்லா அறிக்கையையும் ஓரமாக வைத்துவிட்டு ஆர்டர் எண்ணை மட்டும் அடிப்படையாகக் கொண்டு ஓர் எக்செல் தாள் வையுங்கள்: ஆர்டர் எண், தேதி, குறியீடு, நிகரத் தொகை, நிலை, கமிஷன், கொடுத்த தேதி. மாதக் கடைசியில் விளம்பரச் செலவையும் கமிஷனையும் கூட்டி, தாளில் உள்ள மொத்த ஆர்டரால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆர்டருக்கு வரும் அந்தத் தொகை, மேலே பார்த்த 28 வெள்ளிக்குள் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு பக்க ஒப்பந்தம்

தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, இருவருக்கும் புரியும் மொழியில் ஒரு பக்கம் போதும். கமிஷன் விகிதமும் அடிப்படையும், நாள் வரம்பு, எந்த ஆர்டருக்குக் கமிஷன் இல்லை (ரத்தானது, திரும்பியது, கூட்டாளி தானே வாங்கியது), பணம் வரும் தேதி, விலகும் முறை. இவற்றோடு, பலர் விட்டுவிடும் மூன்றைச் சேருங்கள்.

ஒன்று, உங்கள் கடைப் பெயரில் கூட்டாளி கூகள் விளம்பரம் போடக்கூடாது. போட்டால், ஏற்கெனவே உங்களைத் தேடி வந்தவரையே மறித்து, தன் லிங்க் வழியாக அனுப்பி, அதற்கும் கமிஷன் வாங்குவார். உங்களுக்குப் புது வாடிக்கையாளர் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். வாரம் ஒரு முறை உங்கள் கடைப் பெயரைக் கூகளில் தேடிப் பாருங்கள்.

இரண்டு, பணமோ பொருளோ வாங்கிச் செய்த வீடியோவில் அது விளம்பரம் என்று தெரிய வேண்டும். மலேசியாவின் 2022 உள்ளடக்க நெறிமுறையும் இதைக் கேட்கிறது. இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் இதற்கென்றே லேபல் இருக்கிறது. வீடியோவின் தொடக்கத்திலேயே ‘இது கடை அனுப்பிய புடவை, வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு’ என்று சொல்பவரை மக்கள் நம்புகிறார்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் கடைப் பெயரும் சேர்ந்து கெடும்.

மூன்று, அந்த வீடியோவை நீங்கள் எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்தலாம். கேட்காமல் எடுத்து விளம்பரமாக ஓட்டுவது அவருடைய உழைப்பைத் திருடுவதுதான். மூன்று மாதத்துக்கு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் மட்டும், இவ்வளவு வெள்ளி என்று தனித் தொகை பேசுங்கள்.

வீடியோவை விளம்பரமாக்கும்போது

எந்த வீடியோ குறியீடு வழியாக உண்மையாக விற்றதோ அதைத்தான் காசு போட்டு ஓட்ட வேண்டும். டிக்டாக் ஸ்பார்க் ஆட் என்றால் அந்த வீடியோவுக்குக் கூட்டாளி ஓர் அனுமதிக் குறியீட்டை உருவாக்கித் தருவார். 7, 30, 60, 365 நாள் என்று காலம் தேர்ந்தெடுக்கலாம். தீபாவளிக்கு 60 நாள் கேளுங்கள். 30 நாள் வாங்கினால் சூடு பிடிக்கும் வாரத்தில் காலாவதியாகி விளம்பரம் நின்றுவிடும்.

பாட்டு விஷயத்தில் கவனம். சாதாரண ரீலில் சினிமாப் பாட்டு ஓடுகிறது என்பதற்காக அதையே விளம்பரத்தில் வைக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லாததால் ஒலி அடைக்கப்படும் அல்லது விளம்பரம் நிராகரிக்கப்படும். படம் எடுக்கும்போதே பாட்டில்லாமல் பேச்சு மட்டும் உள்ள ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். டிக்டாக்கின் வணிக இசைத் தொகுப்பிலிருந்தோ மெட்டாவின் ஒலித் தொகுப்பிலிருந்தோ பின்னணி சேர்த்துக்கொள்ளலாம்.

பட்ஜெட்டில் இரண்டு விஷயம். கூகளுக்கும் மெட்டாவுக்கும் கட்டும் தொகைக்கு 8% சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் இந்த விகிதம். 1,000 வெள்ளி விளம்பரம் என்றால் கார்டில் 1,080 போகும். இன்னொன்று, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று மெட்டாவின் கருவி நிலையாகக் கற்றுக்கொள்ள, விற்பனை போல நீங்கள் இலக்காக வைத்த பலன் ஒரு வாரத்தில் சுமார் 50 தேவை. ஒரு விற்பனைக்கு 20 வெள்ளி விளம்பரம் ஆகிறது என்றால் வாரத்துக்கு 1,000 வெள்ளி. நாளுக்கு 20 வெள்ளி வைத்திருக்கும் கடை விற்பனையை இலக்காக வைத்தால் கருவி கற்றுக்கொண்டே இருக்கும், பலன் தள்ளாடும். அந்தப் பட்ஜெட்டுக்கு வாட்ஸ்அப் செய்தி வருவதை இலக்காக வையுங்கள். ஐந்து விளம்பரமாகப் பிரிக்காமல் ஒன்றிலேயே பணத்தைச் சேர்த்து, தொடங்கிய நான்கைந்து நாள் கையை வைக்காமல் விடுங்கள். தினமும் தொகையையும் படத்தையும் மாற்றினால் கற்றது வீணாகும்.

சொல்லக்கூடாதவை

மூலிகைப் பொடி, எண்ணெய், சத்து மாவு விற்பவர்கள் இதைக் கூட்டாளிகளுக்கு எழுத்திலேயே கொடுக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, புற்றுநோய் முதலியவற்றுக்குச் சிகிச்சை என்று ஒரு பொருளை மக்களிடம் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. மருந்து விளம்பரங்களுக்குச் சுகாதார அமைச்சின் கேகேஎல்ஐயு அனுமதி எண் வேண்டும். ‘வெந்தயப் பொடி சாப்பிட்டு என் அம்மாவுக்குச் சுகர் இறங்கிடுச்சு’ என்று கூட்டாளி உற்சாகத்தில் சொல்லும் ஒரு வரி போதும், சிக்கல் கடைக்கு வரும். அதோடு, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பழி எந்தக் கமிஷனுக்கும் ஈடாகாது. மணம், சுவை, அரைக்கும் விதம், எதில் சேர்க்கலாம் என்று பேசச் சொல்லுங்கள். அதுவே நன்றாக விற்கும்.

வாடிக்கையாளர் பெயர், ஃபோன் எண் பட்டியலைக் கூட்டாளிக்கு அனுப்பாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆர்டர் எண்ணும் தொகையும் அவருக்குப் போதும்.

பணம் கொடுப்பதும் வரியும்

திருப்பி அனுப்ப 7 நாள் தருகிறீர்கள் என்றால், பொருள் போய்ச் சேர்ந்து 14 நாள் கழித்து விற்பனையை உறுதி செய்யுங்கள். மாதக் கடைசியில் கணக்கை மூடி, 7-ஆம் தேதி கூட்டாளிக்கு எக்செல் தாளில் அவருடைய ஆர்டர்களை மட்டும் அனுப்பி, 15-ஆம் தேதி டுயிட்நவ் வங்கிப் பணமாற்றத்தில் கட்டுங்கள். ரத்தான ஆர்டரும் காரணத்தோடு அதில் இருக்கட்டும். 38 வெள்ளிதான் வந்திருக்கிறது, அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளாதீர்கள். அந்த 38 வெள்ளி சொன்ன நாளில் வந்தால்தான் அடுத்த வீடியோ வரும்.

உங்கள் வணிகம் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம் என்றால், கூட்டாளிக்குக் கொடுக்கும் கமிஷன் தொடர்பாகவும் வருமான வரிக் கடமை உண்டு. வரிக் கணக்கில் கூட்டாளி உங்கள் முகவர். ஓர் ஆண்டில் ஒரு முகவருக்கு 5,000 வெள்ளிக்கு மேல் கொடுத்திருந்தால், அந்தத் தொகையைக் காட்டும் சிபி58 படிவத்தை அவருக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த புடவை போன்ற பொருள் ஊக்கத்தொகையும் அந்தக் கணக்கில் சேரும். முந்தைய ஆண்டில் உங்களிடமிருந்து 100,000 வெள்ளிக்கு மேல் பெற்ற தனிநபர் முகவருக்கு 2022 முதல் 2% பிடித்தம் செய்து வரி வாரியத்தில் கட்டும் விதியும் இருக்கிறது. வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல் முறையான மைஇன்வாய்ஸுக்குள் வந்துவிட்ட நிறுவனங்கள் முகவர் கமிஷனுக்குத் தாமே சுயமாக மின்-விலைப்பட்டியல் போட வேண்டும். எனவே முதல் நாளே கூட்டாளியின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், வரி எண்ணை வாங்கி வையுங்கள். டிசம்பரில் துரத்தினால் கிடைக்காது.

எப்போது தொடங்கி, எப்படி நிறுத்துவது

தீபாவளி விற்பனைக்குப் பத்து வாரம் முன்பே கூட்டாளிக்குப் புடவை போய்ச் சேர வேண்டும். ப்ளவுஸ் தைக்க இரண்டு வாரம், படம் எடுக்க ஒரு வாரம், குறியீட்டைச் சோதிக்க ஒரு வாரம் ஆகும். மீதி ஆறு வாரம்தான் விற்பனைக்காலம். அதிலும் கடைசி வாரம் தபாலை நம்ப முடியாது. அந்த வாரத்தில் கடைக்கு நேரில் வந்து குறியீட்டைச் சொன்னாலும் செல்லும் என்று அறிவித்து, கல்லாவில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரு கூட்டு முடியும்போது ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்து, குறியீட்டை நிறுத்தி, நாள் வரம்புக்குள் வரும் மிச்ச ஆர்டர்களுக்கும் கமிஷனைக் கட்டி முடியுங்கள். லிங்க்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த வீடியோ இன்னும் பல ஆண்டு யாராவது ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தொட்டு வருபவர் ‘பக்கம் இல்லை’ என்ற திரையில் முட்டாமல், அதே வகைப் புடவைகள் இருக்கும் பக்கத்துக்குப் போகும்படி திருப்பிவிடுங்கள்.